தந்தியும் தோலும்

கொன்சர்ட் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் உடனே எதுவும் கேட்கக் கூடாது. காது அடைத்துப் போயிருக்கும். கத்திப் பேசுவது அவர்களுக்கே தெரியாது. கொஞ்சம் பொறுத்து, ஒரு பிளேன்டீ உள்ளே போன பிறகு வரும் பேச்சுக்காகத்தான் நான் காத்திருப்பேன். எந்தப் பாட்டில் தொடங்கினார்கள், எதைக் கடைசி வரைக்கும் பாடாமலே விட்டார்கள், பாடகருக்கு எந்த இடத்தில் தொண்டை கட்டியது, ட்ரம்ஸின் கால்மிதி அடி நெஞ்சில் இடித்ததா வயிற்றில் இடித்ததா என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் போகும் இரவு பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்தால், அவிசாவளை தாண்டுவதற்குள் முழு நிகழ்ச்சியையும் வாயாலேயே இன்னொரு தடவை நடத்தி முடித்துவிடுவோம். கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தும்போது சண்டை பிடித்திருக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் ஒவ்வொருவராகத் தூங்கிவிடுவார்கள். வட்டவளையில் இறங்கினால் மழை.

இந்த மழையைச் சொல்லாமல் எங்கள் ஊரில் யார் எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். ஆனி, ஆடியில் லயத்துத் தகரக் கூரை மேல் அது இறங்கும்போது ரேடியோவில் மெல்லிய பாட்டு எதுவும் எடுபடாது. வயலினும் புல்லாங்குழலும் கூரைச் சத்தத்துக்குள் கரைந்துவிடும். தவிலும் நாதஸ்வரமும் தாக்குப்பிடிக்கும். தப்பு தாக்குப்பிடிக்கும். நான் பெரிய பையனான பிறகு கண்டுபிடித்தது, மெட்டலும் தாக்குப்பிடிக்கும்.

ஹட்டன் டவுனில் அப்போது ரெக்கோர்டிங் பார்கள் இருந்தன. வெற்றுக் கசெட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த சம்பளத்துக்குப் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் சாமிப் பாட்டு. புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் வேலை செய்த மாமா மகன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது கறுப்பு அட்டையில் ஒரு கசெட் கொண்டுவந்தார். மெட்டாலிக்கா 1991இல் வெளியிட்டது அது. அட்டை முழுக்கக் கறுப்பு. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் மூலையில் சுருண்டிருக்கும் பாம்பு தெரியும். லயத்தில் ஒரு காம்பராவில் போட்டால் வரிசை முழுக்கக் கேட்கும். யாராவது வந்து திட்டப்போகிறார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். அப்பாயி மட்டும் வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "இது ஸ்டோர்ல ரோலர் ஓடுற சத்தம்டா" என்றார். குறை சொன்னதாக எனக்குப் படவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது. தெரிந்த ஆளை அடையாளம் காட்டுகிற மாதிரிச் சொன்னார்.

ஸ்டோர் என்று அவர்கள் காலத்து ஆட்கள் சொல்வது தேயிலை பெக்டரியை. அந்தியில் கொழுந்து லொறியில் வந்து வாட்டுக்குப் பரப்பப்படும். இரவு முழுக்க அதன் மேல் காற்று ஓடும். ஊர் தூங்கிய பிறகு, சாமத்துக்கு மேல், ரோலரை ஓட்டுவார்கள். பித்தளைத் தட்டின் மேல் கொழுந்தை அமுக்கிச் சுழற்றுகிற இரும்பு அது. ஒரு சுற்றுக்கு ஒரு முனகல், ஒரு இடி. நான்கைந்து ரோலர்கள் ஒன்றோடொன்று சேராமல் ஓடும்போது, கவனித்துக் கேட்டால், நடுவில் ஒரு தாளம் பிறந்து பிறந்து அழியும். எங்கள் பக்கத்துப் பழைய பெக்டரிகளில் வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் பெயர்கள் சிறு வயதிலேயே எங்களுக்குப் பாடம்: கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல், பெல்பாஸ்ட்டின் சிரொக்கோ. தொரைமாருடைய நாட்டு இரும்பு. அந்த இரும்பைப் பற்றிப் பின்னாலும் பேச வேண்டியிருக்கிறது.

கொழும்பில் நான் கடைக் கணக்கு எழுதிய காலத்தில் ஸ்டிக்மாட்டா இளம் பேண்ட். 2003இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'ஹொலோ ட்ரீம்ஸ்' வந்தது. சுரேஷ் டி சில்வா பாடுவார். டெனிசன் நெப்போலியன் கிட்டார். கண்டியிலிருந்து பரனொய்ட் ஏர்த்லிங் வருவார்கள், மிர்ஷாட் பக்மன் மேடையில் நிற்கவே மாட்டார். ஒலிபெருக்கிகள் சுமார். மண்டபத்தில் காற்று கிடையாது. ஆனாலும் அந்த இரவுகளுக்கு ஈடாகப் பிறகு எந்தப் பெரிய மேடையையும் என்னால் சொல்ல முடியவில்லை. மேடைக்கும் எனக்கும் நடுவில் பத்தடிதான். கிட்டார்காரர் தந்தியை இழுத்துவிட்டு முகத்தைச் சுளிப்பது தெரியும். சிங்களம், தமிழ், ஆங்கிலம், மலாய் என்று கூட்டம் கலந்துதான் நிற்கும். நடுவில் ஒரு வட்டம் திறக்கும், பையன்கள் ஒருவரையொருவர் தோளால் இடித்துச் சுற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. உள்ளே போனவனுக்குத்தான் தெரியும், யாராவது கால் தடுக்கி விழுந்தால் அந்தக் கணமே நான்கு கைகள் கீழே வந்து தூக்கிவிடும். தூக்கிவிட்டவன் எந்த ஊர், எந்த சாதி, என்ன பாஷை என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் எனக்கு அப்படிக் கேட்கப்படாத இடங்கள் குறைவு.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் கேட்பார்கள். யுத்த காலம். மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு டீசேர்ட், சட்டைப் பையில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை, நேரம் நடுச்சாமம். எங்கே போய்விட்டு வருகிறாய் என்றால் பாட்டுக் கேட்டுவிட்டு என்று சொல்ல வேண்டும். என்ன பாட்டு? அதைச் சிங்களத்தில் விளக்குவது எளிதாக இருக்கவில்லை. ஒரு தடவை காவலில் நின்ற இளைஞர், என் வயதுதான் இருக்கும், டீசேர்ட்டைப் பார்த்துவிட்டுத் தனக்கும் அந்த பேண்ட் பிடிக்கும் என்றார். ட்ரம்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டார். ரோட்டோரத்தில் நின்று அவருக்கு விவரித்தேன். கூட வந்தவன் பஸ் போய்விடும் என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

அவன்தான் பெங்களூர் போனவன். ராகலைக்காரன். அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17இல் பெலஸ் கிரவுண்ட்ஸில் பாடுகிறார்கள் என்று தெரிந்ததும் அச்சக வேலையில் லீவு சொல்லிவிட்டு, சென்னையில் உறவினர் வீட்டில் பையை வைத்துவிட்டு, ரயிலேறிப் போனான். அந்த அளவுக்குப் பெரிய ஒரு மெட்டல் பேண்ட் அதற்கு முன் இந்தியாவில் மேடையேறியதில்லை என்று அன்று எல்லோரும் பேசினார்கள். திரும்பி வந்தவனிடம் பாட்டுகளைப் பற்றிக் கேட்டோம். அவன் கூட்டத்தைப் பற்றியே பேசினான். "மச்சான், பாட்டை எல்லாரும் பாடுவாங்க. அங்க கிட்டாரைப் பாடுறாங்க!" சொல்லே இல்லாத இடம், கிட்டார் தனியாக ஓடுகிற மெட்டு, அதை அத்தனை ஆயிரம் பேரும் ஓ என்று சேர்ந்து இழுக்கிறார்கள். ஷில்லாங்கிலிருந்து நாள் கணக்கில் ரயிலில் வந்த பையன்கள் பக்கத்தில். அவர்கள் பேசுவது இவனுக்குப் புரியாது, இவன் பேசுவது அவர்களுக்குப் புரியாது. கிட்டார் மெட்டு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் குரல் ஏறும். இன்றைக்கும் ஏறும்.

2011இல் மெட்டாலிக்கா வந்தபோது அவனால் போக முடியவில்லை. ஒக்டோபர் 28இல் டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் நடக்க இருந்த நிகழ்ச்சி, மேடைக்கு முன்னிருந்த தடுப்பில் சிக்கலாகி நின்றுபோக, ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையேறி உடைத்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் ஒழுங்காக நடந்தது. இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் ரசிகர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று எழுதுகிறார்கள். எனக்குத் தடுப்புகள் மேல்தான் சந்தேகம். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய இரவிலும் அதே கதைதான் நடந்தது. பின்னால் நின்ற சனம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து, நிகழ்ச்சி கொஞ்ச நேரம் தடைப்பட்டது. வருடக் கணக்காக அப்படியொரு மேடையைப் பார்க்காத ஊர் அது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் சனத்தை நிறுத்திவிட்டு முன்னால் கதிரை போட்டு விலை வைத்தால், பின்னால் நிற்பவனுக்குக் கேட்பது பாட்டின் மிச்சம் மட்டும். அன்று அங்கே போய்வந்த கொட்டகலைப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "எங்களுக்கு ஹரிஹரன் தெரியல அண்ணே, ஸ்கிரீன்தான் தெரிஞ்சிச்சு." அதே வருடம் செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மேடைக்கு முன் கதிரை எங்கள் ஆட்களுக்கு எட்டாத பொருள் என்பதற்கு இதற்கு மேல் கணக்குத் தேவையில்லை.

தோட்டத்துக் கச்சேரிக்குத் தடுப்பு கிடையாது. திருவிழாவுக்கு இசைக்குழு வரும், கோயிலடியில் லொறியின் பின்கதவைத் திறந்துவிட்டால் அதுதான் மேடை. ஆனால் நான் சொல்ல வருவது இசைக்குழுவை அல்ல, காமன் கூத்தை. மாசியில் பிறை கண்டு கம்பம் ஊன்றுவார்கள். ஒவ்வொரு இரவும் ரதியும் மன்மதனும் ஆடிக்கொண்டே வருவார்கள். மன்மதனை எரிக்கும் இரவில் தூதன், எமன், வீரபத்திரன் என்று ஒவ்வொரு வேஷமாக இறங்கும். வீரபத்திரன் வரும்போது பெரிய ஆட்களே பின்வாங்குவார்கள். பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்திருப்பார்கள். விடிய விடிய நடக்கும். ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் கயிறு கூட இல்லை. ஆட்டக்காரன் தள்ளாடினால் பார்க்கிறவன் தாங்கிப் பிடிப்பான். கொழும்பு மண்டபத்தில் முதல் தடவை அந்த வட்டம் திறந்தபோது என் கால் தானாக உள்ளே போனது. அதற்கு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கூத்தின் உயிர் தப்பு. என் பெரியப்பா தப்படிப்பவர். வட்டமான மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். வலது கையில் குட்டையான, தடித்த குச்சி. இடது கையில் நீளமான, வளைந்துகொடுக்கிற மெல்லிய குச்சி. தடித்தது நடுவில் அடிக்கும், மெல்லியது மேலிருந்து தழுவிச் சுண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆள் அடிப்பதாகவே தெரியாது. ஆனால் தோல் ஈரத்துக்குப் பயப்படும். வட்டவளை மாசிப் பனியில் அரை மணி நேரத்திலேயே தொய்ந்துவிடும். அதனால் கூத்துக்களத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு தீ. தேயிலை மிலாறும் காய்ந்த புல்லும் போட்டு மூட்டியிருப்பார்கள். பெரியப்பா தப்பைத் தீக்கு முன் நிறுத்தி, விளிம்பு விளிம்பாகத் திருப்பிக் காட்டுவார். முகத்துக்குக் கிட்ட வைத்துக்கொண்டு விரலால் சுண்டிப் பார்ப்பார். டொப் என்றால் இன்னும் காயவில்லை. திரும்பக் காட்டுவார். தோல் மணக்கும். கணீர் என்று ஒரு சத்தம் வரும், அப்போது கண்ணை நிமிர்த்துவார். கொஞ்சம் பிந்தினாலும் தோல் கருகிக் கிழிந்துவிடும். நெருப்பிலிருந்து எடுத்த தப்பு எவ்வளவு நேரம் பேசும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் கூத்து எந்தக் கட்டத்தை எட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

பெரியப்பாவின் அப்பா காலத்தில் தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இருட்டோடு எழுந்து லயம் லயமாக அடித்துச் சனத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அனுப்புவது. சி.வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியலை எழுப்பும் பறையொலி அந்தத் தப்புத்தான். பிறகு சங்கு ஊதியது, தப்பு கோயிலுக்கும் சாவுக்கும் என்றாகியது.

2025 ஜூலை 5. பெர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில், மெட்டலுக்கு வழி திறந்த பிளாக் சபத்தின் கடைசி மேடை. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நேரில். இணையத்தில் காசு கட்டிப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க. மருமகன்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் பங்கு போட்டுக் கட்டினார்கள். என் வீட்டு முன் அறையில் டிவியில் இணைத்து வைத்தோம். வெளியே ஆனி மழை. ஹட்டனிலிருந்து இரண்டு பேர், ரொசெல்லையிலிருந்து ஒருவன், ராகலைக்காரன் மகனோடு வந்திருந்தான். மஸ்டடொன், அந்த்ராக்ஸ், லேம்ப் ஒப் கோட், கொஜிரா, பன்டேரா, டூல், ஸ்லேயர், கன்ஸ் அன் ரோஸஸ், மெட்டாலிக்கா என்று பெரிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக. இவர்களில் ஒவ்வொரு பேண்டும் சபத்தின் பாட்டொன்றையாவது தன் கையால் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்கியது. இளசுகள் கொஜிராவுக்குக் கட்சி. நானும் ராகலைக்காரனும் மெட்டாலிக்காவுக்கு. யங்பிளட் என்ற பொடியன் 'சேஞ்சஸ்' பாடியபோது இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். எண்பதை நெருங்குகிறவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேடையில் மூன்று ட்ரம்ஸ்காரர்கள் போட்டி வைத்தார்கள்: சாட் ஸ்மித், ட்ராவிஸ் பார்க்கர், டெனி கேரி. பெரியப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார்: "மூணு பேரும் நல்லாத்தான் அடிக்கிறான். ஆனா ஒருத்தனுக்கு ஒருத்தன் எடம் விட மாட்டேங்குறானே." பையன்கள் அவருக்கு விளக்கப் போனார்கள், போட்டி என்றால் அப்படித்தான் என்று. எனக்கு அவர் சொன்னதில் நியாயம் இருந்ததாகத்தான் பட்டது. அந்த இரவில் நான் கேட்ட மிகத் திறமையான வாசிப்பு அது. கூத்துக்கு முன் தப்பு செட்டு ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறுகிற அழகு அதில் இல்லை.

விடியப் போகும் நேரத்துக்கு சபத்தின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் மேடைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி. பார்க்கின்சன் நோய். எழுந்து நிற்க முடியாது, எழுந்து நிற்கப் பார்க்கிறார் என்பது தோள் அசைவில் தெரிந்தது. முதலில் தன் தனிப் பாட்டுகள் ஐந்து. பிறகு பழைய நால்வரும், 2005க்குப் பிறகு முதல் தடவையாக. டொனி அயோமி, கீஸர் பட்லர், 77 வயதில் சட்டையைக் கழற்றிவிட்டு ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்த பில் வோர்ட். நான்கு பாட்டு. குரல் ஏறாத இடங்களில் கூட்டம் ஏற்றிக்கொடுத்தது. கிடைத்த இலாபம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் சிறுவர் மருத்துவமனைக்கும் சிறுவர் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள்.

கெமரா அயோமியின் கைக்குக் கிட்டப் போனபோது பெரியப்பா கேட்டார். "அந்த ஆளு வெரல்ல என்னா மாட்டியிருக்கான்?"

அன்றிரவு வாயால் சொன்ன எல்லாப் பாட்டுக் கதைகளிலும் இதைத்தான் நான் விரும்பிச் சொன்னேன். நால்வரும் பெர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்கள். அதே வில்லா பார்க்குக்குப் பக்கத்துத் தெருக்கள். ஒஸி லூக்காஸ் பெக்டரியில் கார் ஹோர்ன்களைச் சோதித்துச் சுரம் பார்க்கிற வேலை செய்தவர், இறைச்சிக் கொட்டிலிலும் நின்றவர். அயோமி தகடு வெட்டும் பெக்டரியில். 17 வயதில், வேலையை விட்டுவிட்டு இசைக்குப் போக இருந்த கடைசி நாளில், இயந்திரம் அவர் வலது கையின் நடு விரலையும் மோதிர விரலையும் நுனியோடு எடுத்துவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அதுதான். அவருடைய போர்மன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. அயோமி பாத்திரம் கழுவும் திரவப் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், பழைய ஜக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினார். இறுக்கமான தந்தியை அந்த விரலால் அழுத்தினால் வலி. மெல்லிய தந்திகளைப் போட்டார், பிறகு தந்தியைத் தளர்த்தினார். 1970 பெப்ரவரி 13இல் முதல் இசைத்தட்டு வந்தது. 1971இல் மூன்றாவது வரும்போது தந்தி மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கீழிறங்கிய, கனத்த முனகலைத்தான் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மெட்டல் பேண்டுகள் எடுத்துக்கொண்டன.

பெரியப்பா முழுதும் கேட்டார். ரோலரில் விரல் கொடுத்த ஆட்கள் எங்கள் தோட்டங்களிலும் உண்டு, அவருக்கு அந்தக் கதை புதிதில்லை. அவருக்குப் புதிதாக இருந்தது தந்தியைத் தளர்த்தியதுதான். "நான் தீயில காட்டி இழுத்துக்குறேன். அவன் எறக்கி விட்டுக்குறான்" என்று தனக்குள் சொன்னார். "சரிதான். கைக்குத் தக்கனதான் சத்தம்." கீழே பெக்டரியில் அந்நேரம் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாயி கசெட்டைக் கேட்டுச் சொன்னதை நான் எல்லோருக்கும் சொன்னேன். இரும்பு பெக்டரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் செய்த சத்தத்தை, அவர்களுடைய நாட்டு இரும்பு ஓடுகிற பெக்டரிக்குப் பக்கத்தில் வாழ்ந்த கிழவி ஒரே கேட்பில் கண்டுபிடித்தார். எங்கள் பிள்ளைகள் மெட்டல் கேட்டால் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அப்பாயியிடம் கேட்டிருக்கலாம்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல், ஒஸி போய்விட்டார். 76 வயது. 30ஆம் திகதி பெர்மிங்ஹாம் புரோட் ஸ்ட்ரீட்டில் ஊர்வலம். சவ வண்டிக்கு முன்னால் பித்தளை வாத்தியக் கோஷ்டி, சபத்தின் பாட்டையே ஊதிக்கொண்டு போனார்கள். தெருவின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் சனம். சபத்தின் பெயர் வைத்த பாலத்தில் வண்டி நின்றது, குடும்பம் இறங்கிப் பூக்களைப் பார்த்தது. அந்தக் காட்சியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன் சொன்னான், "மாமா, நம்ம ஊர் சாவு மாதிரியே இருக்கு." ஆமாம், வாத்தியம் முன்னே, பெட்டி பின்னே, தெரு முழுக்க ஊர்.

ஆனால் எங்கள் ஊர்ச் சாவில் வாத்தியக்காரனுக்கு வேறு மரியாதை. இதைச் சொல்லாமல் தப்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அடிக்கக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். தேநீருக்குத் தனிக் கோப்பை இருந்த காலத்தைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது எல்லோரும் கூலிதான். சாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பெரியப்பாவின் பிள்ளைகள் யாரும் தப்பைத் தொடவில்லை. மூத்தவர் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறார், அப்பா தப்படிப்பவர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது, கலை வேண்டும் கலைஞன் வாசலோடு நிற்கட்டும் என்று பழகிப்போன ஊரை.

அதனால்தான் 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறிய காணொளியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த கூட்டம். கானாக்காரர்கள், ராப் பாடுகிறவர்கள், ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு பக்கம் பறை. பறை ஓரத்தில் ஒளிந்து நிற்கவில்லை, நடுவில் நின்றது. அந்தக் குழுவில் பாடிய அறிவு 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' கொண்டுவந்தார். அந்தப் பாட்டுக்குக் காரணமான அவருடைய பாட்டி வள்ளியம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தாளில் பங்கு போட்டது. எங்கள் லயத்தில் அந்தப் பங்கீட்டில் பிரியாத குடும்பம் இல்லை. வட்டவளை ஸ்டேஷனில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதவர்களின் பேரப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இருந்து பாடுகிறார்கள், இந்தப் பக்கத்தில் இருந்து நாங்கள் கேட்கிறோம். அதில் பறை ஒலிக்கும்போது பெரியப்பா ரேடியோவுக்குக் கிட்டப் போய், "நம்ம அடிதான்" என்றார். அப்படி அவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஜூலை 5 இரவு வந்திருந்த பையன்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பாவிடம் வருகிறார்கள். ரொசெல்லைப் பையன் கிட்டாரோடு வருவான், மருமகன் பேஸ். தப்பைப் பழகுவது ஹட்டன் பையன்கள் இருவர். அவர்களில் ஒருவன் அந்தக் காலத்தில் தனிக் கோப்பை வைத்த வீட்டுப் பேரன். பெரியப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குச்சியைத் திருத்துவார், தட்டுவார், திட்டுவார். அவன் 'தாத்தா' என்று கூப்பிடுகிறான். தந்தியை அயோமி மாதிரி இறக்கினால் தப்பின் கணீருக்கு எதிர்ப்பக்கம் நன்றாக விழுகிறது என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். இரண்டையும் ஒரே உயரத்துக்கு இழுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடுகிறதாம்.

அவர்களுக்கு ஒரு ஆசை. ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஒரு மேடை. தடுப்பு வேண்டாம், கதிரை வேண்டாம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பேண்டுகளைக் கூப்பிட வேண்டும், காமன் கூத்துத் தப்பு செட்டும் அதே மேடையில் ஏற வேண்டும். தப்பு முதலில் ஏறினால்தான் சனம் சேரும் என்றேன் நான். கடைசியில்தான் என்றான் மருமகன், அதற்குப் பிறகு யாரும் ஏற முடியாதாம். ராகலைக்காரன் நடுவில் என்றான். திகதியில் மட்டும் எல்லோரும் ஒன்று: ஜூலை 5. அந்த இரவின் நினைவாக.

பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "ஆனி மழையிலயா? எவ்வளவு தீ மூட்டினாலும் தோல் நிக்காதுடா. உங்க ஆளு தந்தியை எறக்கிக்கிட்டான், நான் என்னத்த எறக்குறது? மாசியில வைங்க" என்றார். மருமகன் கைபேசியில் மாசிப் பௌர்ணமி எப்போது வருகிறது என்று தேடத் தொடங்கினான்.